பிடிக்க ஒரு கை, தொட ஒரு கை

கரிவலம்வந்தநல்லூர்
8 ஜூன் 2025

அன்புள்ள சத்யா,

நீ அனுப்பிய போன் இத்துடன் திரும்பி வருகிறது. பெட்டி, சார்ஜர், கவர் எல்லாம் உள்ளே இருக்கின்றன. மேலே ஒட்டிய கண்ணாடியில் ஒரு மூலை விரிசல் விட்டிருக்கும். அது என்னால் வந்தது, கீழே விழுந்துவிட்டது.

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து அழ ஆரம்பிக்காதே. இது இடது கை. தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற மேடம் சொல்லியிருக்கிறார். என்ன எழுதுவதென்று தெரியாமல் இத்தனை நாளும் தினசரியில் வந்த செய்திகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எனக்கே எழுத விஷயம் கிடைத்துவிட்டது. போன் பேச எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் "எப்படி இருக்கே" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

பார்சல் வந்ததும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சத்யா புள்ள அனுப்பிருக்கா, எம்புட்டுப் பெரிய போனு பாருங்க" என்று தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்கள் போன பிறகு செஸ் ஆடலாம் என்று திறந்தேன். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை, நடுவிரல் பாதி. மிச்சம் இருக்கிற விரல்களில் அந்தப் பெரிய போன் நிற்காது. இடது கையில் பிடித்தால் காயைத் தொட விரல் இல்லை. பிடிக்க ஒரு கை, தொட ஒரு கை என்று கணக்குப் போட்டுத்தான் இதையெல்லாம் செய்கிறார்கள் போல.

மடியில் வைத்து மூன்று நிமிட ஆட்டம் ஆடினேன். எதிரில் ஆடியது யாரோ கற்றுக்குட்டி. ராணியைச் சும்மா கொடுத்துவிட்டது. இன்னும் இரண்டு நகர்த்தலில் முடித்திருப்பேன். அதற்குள் என் நேரம் தீர்ந்துவிட்டது. போனும் வழுக்கி விழுந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து முதலில் போனைத்தான் பார்த்தாள்.

யாரைக் கேட்டு இதை வாங்கினாய்? நாம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிய வலைப்பதிவில் எத்தனை முறை எழுதியிருப்போம், "யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் எந்தக் கருவியும் வாங்காதீர்கள்" என்று. ஹாஸ்டல் பெண்களுக்குச் சொன்னதை நீ எனக்குச் செய்யவில்லை. பாவம் என்று நினைத்து வாங்கியதாகத்தான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று. கம்பெனியில் நீ இப்போது எந்த மெஷினில் நிற்கிறாய் என்று நம் லைனில் இருக்கிற வேல்விழிக்கு மெசேஜ் போட்டேன். அவள் சாப்பாட்டைப் பற்றிப் பேசி நழுவிவிட்டாள்.

மாரிசெல்வி


மண்ணூர்
17 ஜூன் 2025

அடியே செல்வி,

உன் எழுத்தைப் பார்த்து அழவில்லை. எழுதியிருந்ததைப் படித்துத்தான் அழுதேன். அதற்கு நீ பொறுப்பு இல்லை.

பார்சலைப் பிரித்ததும் எங்கம்மா, "இன்னாடி, அனுப்சது அப்டியே வந்துகீது?" என்று கேட்டது. "அளவு சரியில்லம்மா" என்றேன். "போன்ல இன்னாடி அளவு, ஜாக்கெட்டா அது?" என்றது. கடையில் திருப்பி எடுக்கவில்லை. போன் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. சீரியல் பார்க்க வசதியாக இருக்கிறதாம். உனக்கு நன்றி சொல்லச் சொன்னது.

நீ கேட்டது நியாயம். நான் கேட்காமல் வாங்கினேன். ஸ்ரீபெரும்புதூர் கடையில் போய் "செஸ் ஆட ஒரு போன்" என்றேன். கடைக்காரர் "பெரிய ஸ்கிரீன் எடுத்துக்கோம்மா" என்றார். சரி என்று கொடுத்துவிட்டேன். உன் கையை நான் கடைசியாகப் பார்த்தது கட்டோடுதான். கட்டைப் பிரித்த பிறகு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் உன் கையைப் பற்றி எதுவும் கேட்காமல் பெட்டியை மட்டும் அனுப்பினேன். பாவம் என்று நினைக்கவில்லை, செல்வி. பயந்தேன்.

இப்போது கேட்கிறேன். எந்த விரல் எவ்வளவு மடங்கும்? இடது கை எவ்வளவு வேகமாகப் போகிறது? போனை எதில் சாய்த்து வைத்தால் நிற்கிறது? பதிவு எழுதும்போது எங்கே தடங்குகிறது? கேள்வி கேட்பதும் போட்டோ எடுப்பதும் என் வேலை, எழுதுவது உன் வேலை என்றுதானே வைத்திருந்தோம். நம் "ஜன்னலோர சீட்டு" வலைப்பதிவில் உன் கடைசிப் பதிவு பவர் பேங்க் பற்றியது. அதற்குக் கீழே இன்னும் யாராவது வந்து "அடுத்து எப்போ அக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் பதில் போடவில்லை.

பஸ் தினமும் என்னை மண்ணூரில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. உன் ஹாஸ்டல் நிறுத்தத்தில் கை தானாகப் பக்கத்து சீட்டில் இருக்கிற பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறது. பிறகு அந்த இடத்தில் யாராவது உட்காருகிறார்கள்.

மெஷின் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

உன் சத்யா


கரிவலம்வந்தநல்லூர்
25 ஜூன் 2025

சத்யா,

கேட்டாய் என்பதால் சொல்கிறேன். வாங்குவதற்காகச் சொல்லவில்லை.

வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் நன்றாக மடங்கும். இரண்டும் சேர்ந்து காகிதத்தை அழுத்திப் பிடிக்கும், டம்ளரைத் தள்ளும். தூக்காது. நடுவிரலின் நுனி சுருக்கென்று வலிக்கும், எதிலும் பட விடுவதில்லை. இடது கை தெம்பாகத்தான் இருக்கிறது, அதற்கு மூளைதான் இல்லை. குதிரையைத் தொடப் போனால் பக்கத்தில் நிற்கிற மந்திரியைத் தொடுகிறது. என் பழைய போனில் ஒரு கட்டம் வேர்க்கடலை அளவுக்குத்தான் இருக்கிறது. அதைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து ஆடிப் பார்த்தேன். விரல் வைக்க வைக்கப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் செம்பையும் துரத்திக்கொண்டு போனேன்.

எழுதுவது இதைவிட மோசம். தமிழ் விசைப்பலகையில் ஒற்றை விரலால் ஒரு வரி தட்டுவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

கம்பெனிகள் போடுகிற விளம்பரத்தில் கேமராவைச் சொல்கிறார்கள், எவ்வளவு மெல்லிசு என்று சொல்கிறார்கள். கையில் பிடிக்காமல் வைத்தால் நிற்குமா என்று ஒருத்தரும் சொல்வதில்லை. நாமும் சொன்னதில்லை. அத்தனை போன்களைப் பற்றி எழுதியபோது எனக்கே தோன்றவில்லையே.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: வைத்த இடத்தில் நிற்க வேண்டும். கட்டம் பெரிதாக இருக்க வேண்டும். தொட்டதும் நகர வேண்டும். பேர் தெரியாத கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை, பழசாக இருந்தாலும் பரவாயில்லை. விசாரித்துச் சொல், போதும். வாங்காதே.

நேற்று அம்மா, "அந்தப் புள்ளைக்கு மனசு நோவும்லா, இப்படி எழுதலாமா?" என்று கேட்டாள். நான் எழுதியதை எப்படியோ படித்திருக்கிறாள். நொந்திருந்தால் சொல்லிவிடு.

செல்வி


மண்ணூர்
7 ஜூலை 2025

செல்வி,

நேற்று லீவு. காலையில் எழுந்ததும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றையும் உள்ளங்கையோடு மடித்துச் சுற்றிக்கொண்டேன். உன் கடிதத்தை எத்தனை முறை படித்தும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. இப்படியாவது புரிகிறதா பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, "பைத்தியமாடி உனுக்கு?" என்றது. தலை வார முடியவில்லை, அம்மாதான் பின்னிவிட்டது. ஷேர் ஆட்டோவில் பர்ஸைத் திறக்கத் தெரியாமல் பல்லால் ஜிப்பை இழுத்தேன். எதிரில் இருந்த அக்கா என் கையைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது. "எந்தக் கம்பெனிம்மா?" என்று மட்டும் கேட்டது. எனக்கு வாய் வரவில்லை.

எலக்ட்ரானிக் கடைகள் இருக்கிற சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போனேன். முதல் கடையில் இருந்தவர், "இன்னாமா, கையில அடியா?" என்றார்.

"எனக்கு இல்லண்ணே, ஃப்ரெண்டுக்கு."

"ஃப்ரெண்டுக்கு அடின்னா உனுக்கு எதுக்கும்மா கட்டு?"

விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. இருந்ததிலேயே விலை குறைந்த புது டேப்லெட் ஒன்றைக் கொடுத்தார். ஆடிப் பார்த்தேன். குதிரையைத் தொட்டால் அது யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. மூன்று நிமிட ஆட்டத்துக்கு ஆகாது. பேனா மாதிரி ஒரு குச்சியை நீட்டி, "இத்த வெச்சி தொடு, கரெக்டா படும்" என்றார். "அதப் புடிக்கத்தாண்ணே விரல் இல்ல" என்றேன். "ஆமால்ல" என்று அவரே வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

இன்னொரு கடையில் பழைய டேப்லெட்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். புதுசாக வந்த காலத்தில் நல்ல விலைக்குப் போனவையாம். பார்க்கப் பழசு, ஆனால் தொட்டதும் நகர்கிறது. கட்டம் பெரிது. அதை வைக்க ஒரு இரும்பு ஸ்டாண்டும் கொடுத்தார்கள், தள்ளினாலும் சாயவில்லை. ஆனால் இடது கையைத் தூக்கித் தூக்கித் தொட்டதில் தோள்பட்டை கடுத்துப் போனது. இரண்டு ஆட்டம்தான் ஆடியிருப்பேன். உனக்கும் இப்படித்தானே கடுக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பில் போடுகிற பெண்ணைப் பார்த்தேன். அவள் இடதுகைக்காரி. மேசையில் மணிக்கட்டைச் சாய்த்தபடியே மவுஸைப் பிடித்து டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள். தோள் அசையவே இல்லை. "இத டேப்லெட்ல போட முடியுமாக்கா?" என்று கேட்டேன். "ஏன் முடியாது? சார்ஜ் போடுற எடத்துல சின்ன கனெக்டர் ஒண்ணு செருகணும், அவ்ளோதான்" என்று தன் மவுஸையே கழற்றிக் கொடுத்தாள். திரையில் குட்டி அம்பு ஒன்று வந்தது. செல்வி, நான் அந்தக் கடையில் நின்றுகொண்டே ஒருத்தனை ஜெயித்தேன். இடது கையில். நான்! நீ எத்தனை முறை என்னை ஜெயிக்கவிடப் பார்த்தும் ஜெயிக்காத நான்.

டேப்லெட்டை வாங்கவில்லை. நீ வாங்காதே என்று சொன்னதால் விலையும் விவரமும் மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். இன்னொன்று: மவுஸ் உங்கள் ஊர்ப் பக்கமே கிடைக்கும். முதலில் உன் பழைய போனில் போட்டுப் பார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கை மரத்துப் போயிருந்தது. பூந்தமல்லி தாண்டியதும் டேப்பை உரித்தேன்.

என்னால் உரிக்க முடிந்தது.



சத்யா


கரிவலம்வந்தநல்லூர்
21 ஜூலை 2025

அன்புள்ள சத்யா,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிவிட்டது. எடுத்து எடுத்துப் படித்துவிட்டு வைத்துவிடுவேன். தினப்படி பக்கத்துக்கு மறுபடியும் செய்தித்தாளையே பார்த்து எழுதினேன். உனக்கு என்ன எழுதினாலும் உன் கடைசி வரிக்கு முன்னால் சிறிதாகத் தெரிந்தது.

இங்கே வீட்டுக்கு வருகிறவர்கள் என் கையைப் பார்த்துவிட்டு, தங்கள் கையைத் தாங்களே தடவிக்கொள்வார்கள். அவர்களுக்கே தெரியாது, ஆனால் எல்லோரும் செய்வார்கள். நீ ஒருத்திதான் என் கையைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறாய். அந்த அக்கா கேட்டாளே, எந்தக் கம்பெனி என்று, அதை என்னிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? உனக்கும் வாய் வரவில்லை என்று படித்ததும், எனக்கு வராதது தப்பில்லை என்று தோன்றியது.

போன வாரம் நானே சங்கரன்கோவில் போய் மவுஸும் கனெக்டரும் வாங்கினேன். விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர நான் பஸ் ஏறிப் போன முதல் இடம் அந்தக் கடைதான். அம்மா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். தெரு முனை வரை வந்து நின்றுகொண்டிருந்தாள்.

பழைய போனில் செருகியதும் அந்த அம்பு வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா என்னவோ ஏதோ என்று பதறி ஓடி வந்தாள். முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது தோல்வி. மூன்றாவதில் எதிராளி ஒரு சிப்பாயைத் தேவையில்லாமல் தள்ளினான். அப்போது உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது, சத்யா. என் ஹாஸ்டலில் கட்டிலைச் சுற்றிப் பெண்கள் நின்று பார்ப்பார்களே, அப்போது இருந்தவள். ஜெயித்தேன்.

இரண்டு குறை. மவுஸ் போட்டிருக்கும்போது சார்ஜ் போட முடியவில்லை, இருப்பதே ஒரு ஓட்டைதான். கட்டம் இன்னும் வேர்க்கடலைதான். அம்பு சரியாகப் போனாலும் கண் வலிக்கிறது. ஆகவே அந்தப் பழைய டேப்லெட்டை வாங்கி அனுப்பு. பணம் இன்றைக்கே உன் கணக்குக்குப் போட்டுவிட்டேன். அதில் நீ ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. கம்பெனி கொடுத்த பணத்தை இதுவரை நான் தொடவில்லை. தொட்டால் விரலை விற்றது போல இருக்குமோ என்று பயம். இதற்கு எடுக்கும்போது அப்படித் தோன்றவில்லை.

கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்கு. பேட்டரி மாற்றியதா? மவுஸும் சார்ஜரும் ஒரே நேரத்தில் போடுகிற கனெக்டர் இதற்கு ஒத்துக்கொள்ளுமா? செஸ் செயலி தடங்காமல் ஓடுகிறதா? மூன்றையும் அங்கேயே நின்று பார்த்துவிடு. பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பாதே.

நன்றி என்று எழுதினால் நீ கிண்டல் செய்வாய். இருந்தாலும் நன்றி.

செல்வி


மண்ணூர்
2 ஆகஸ்ட் 2025

செல்விக்கண்ணு,

டேப்லெட், ஸ்டாண்டு, இரட்டைக் கனெக்டர் மூன்றும் கூரியரில் போட்டுவிட்டேன். பேட்டரி புதுசு. கடையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து செஸ் ஆடினேன், மவுஸும் சார்ஜரும் ஒன்றாகவே போட்டு. பில் போடும் அக்காவுக்கும் கற்றுக் கொடுத்துவிட்டேன். ஸ்டாண்டுக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியிருக்கிறேன், தரையில் வழுக்காது. ட்யூப் எங்கள் வூட்டுடையது. அதற்கும் காசு போடுகிறேன் என்று வராதே.

பதிவு எழுத ஒரு வழி சொல்கிறேன். விசைப்பலகையில் மைக் படம் இருக்கும். அதைத் தட்டிவிட்டுப் பேசு, அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும். தப்பு வரும். வந்தால் மவுஸால் திருத்து.

இப்போது மெஷின். உன் மெஷினில்தான், உன் விரல் போன அதே ப்ரெஸ் மெஷினில்தான் நிற்கிறேன். நீ போன மறுவாரமே நிறுத்தினார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, வூட்டில் என் சம்பளம்தான். முதல் நாள் பட்டனை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "கண்ண மூடிகினு ப்ரெஸ் ஓட்டுவியாம்மா?" என்று கத்தினார். "கண்ண தொறந்துகினு ஓட்னவ கையே போச்சு சார்" என்றேன். அந்த வாரம் லைனில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மெஷினுக்குத் தடுப்பு வேண்டும் என்று கேட்டோம். இப்போது முன்பக்கம் ஒளித்தடுப்பு போட்டிருக்கிறார்கள். கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். ஒவ்வொரு ஷிப்ட்டும் தொடங்கும்முன் ஒரு மரக்குச்சியை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் ஓட்டுகிறேன்.

இதை முன்பே சொல்லியிருக்கலாம். உன் இடத்தை எடுத்துக்கொண்டவள் என்று நீ நினைத்துவிடுவாயோ என்றுதான்.

சத்யா


கரிவலம்வந்தநல்லூர்
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சத்யா,

முதலில் மெஷின். நீ நிற்பது நல்லதுதான். குச்சியை நீட்டிப் பார்க்கிற ஆள் அங்கே வேண்டும். என்றைக்காவது அது நிற்காமல் போனால் அன்றைக்கு நீ ஓட்டக் கூடாது. இது என் உத்தரவு. சூப்பர்வைசரிடம் நீ சொன்னதைப் படித்துக் கைதட்டினேன். கைதட்டினால் சத்தம் இப்போது வேறு மாதிரி வருகிறது, பழகிவிடும்.

டேப்லெட் என் மேசையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தினமும் ஆடுகிறேன். பழைய வேகம் இன்னும் வரவில்லை. மூன்று நிமிட ஆட்டத்தை விட்டுவிட்டுப் பத்து நிமிடத்துக்கு மாறினேன். யோசிக்க நேரம் கிடைத்ததும், இத்தனை வருடமும் நான் வேகத்தால்தான் ஜெயித்திருக்கிறேன், நன்றாக ஆடி அல்ல என்று தெரிந்தது. இப்போதுதான் நன்றாக ஆடக் கற்றுக்கொள்கிறேன்.

பேசி எழுதுவது பெரிய கூத்து. "ஏட்டி" என்றால் "எட்டிப் பார்" என்கிறது. "மவுஸ்" என்றால் "மௌசு" கூடிவிட்டது என்று எழுதுகிறது. நான் மெதுவாக, மேடையில் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டும். அம்மா வாசலில் நின்று, "யாருட்டட்டி பேசிக்கிட்டிருக்க?" என்று கேட்டாள். அதையும் அது எழுதிவிட்டது. நான் அழிக்கவில்லை. பதிவில் அப்படியே இருக்கிறது.

ஆமாம், பதிவு போட்டுவிட்டேன். "ஒரு கையால் செஸ் ஆட, ஒரு கையால் எழுத: குறைந்த செலவில் என்ன வாங்கலாம்" என்று தலைப்பு. முதலில் மவுஸ் மட்டும் வாங்கிப் பழைய போனில் போட்டுப் பாருங்கள், பிறகு பெரிய திரையை யோசியுங்கள் என்று எழுதினேன். நீ விரல்களில் டேப் சுற்றிக்கொண்ட கதையை எழுதவில்லை. அது எனக்குச் சொன்னது, எனக்கே இருக்கட்டும்.

நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்றை உனக்கு அப்படியே எழுதுகிறேன்:

"நான் மறைமலை நகர் கிளியம்மாள். என் வூட்டுக்காரர் கோபால், பட்டறையில வலது கை மணிக்கட்டோட போச்சு. செஸ் நல்லா ஆடுவாரு, சாப்பாட்டு நேரத்துல அவரச் சுத்திக் கூட்டமா நிப்பாங்களாம். இப்ப உள் ரூம வுட்டு வெளிய வர மாட்டேன்றாரு. யார் வந்தாலும் பேச மாட்டேன்றாரு. உங்க பதிவ என் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. நீங்க சொல்றத எப்டி மாட்டறதுன்னு எங்களுக்குத் தெரில."

நான் இங்கிருந்து எழுதி விளக்கினால் அவர்களுக்குப் புரியாது. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பாயா? உன் போனும் ஒரு மவுஸும் போதும். கேட்காமல் எதுவும் வாங்கிப் போய்விடாதே. அவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்காதே.

என்றைக்கு என்று மட்டும் மெசேஜ் போடு. நான் இங்கே தயாராக இருப்பேன். நீ அங்கிருந்து என்னோடு ஆடு.

செல்வி


மண்ணூர்
1 செப்டம்பர் 2025

செல்வி,

நேற்று நீ ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் எதிரில் இருந்தது நான் இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

கிளியம்மாள் அக்கா வாசலிலேயே நின்றிருந்தது. "வந்துட்டியாம்மா" என்று உள்ளே கூட்டிப் போனது. உள் ரூமுக்குக் கதவு இல்லை, ஒரு சேலையைத் திரையாகப் போட்டிருந்தார்கள். "கூப்ட்டாலும் வர மாட்டாரு. நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்று அக்கா மெல்லச் சொன்னது. நான் கூப்பிடவே இல்லை. ஹாலில் தரையில் உட்கார்ந்து, போனை ஸ்டாண்டில் வைத்து, மவுஸைச் செருகி உன்னோடு ஆட ஆரம்பித்தேன். அக்கா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, நான் எப்போதும் செய்வது போல வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே ஆடினேன். "யானைய இங்க வெச்சா குதிரை அடிக்கும், அங்க வெச்சா மந்திரி அடிக்கும்" என்று. நீ என்னை நசுக்கிக்கொண்டிருந்தாய்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யானைய எதுக்கும்மா வெளிய இஸ்துகினு வந்த?"

நான் திரும்பவில்லை. "வேற எங்கண்ணே வெக்கறது?" என்றேன்.

"தப்புதான். ஆட்டமே போச்சு. ராஜாவ மொதல்ல ஓரமா கொண்டு போயிருக்கணும்."

சொன்னபடியே தோற்றேன். இரண்டாவது ஆட்டம் தொடங்கியது. பக்கத்தில் நிழல் விழுந்தது. வலது கைமேல் துண்டு போட்டுக்கொண்டு நின்றிருந்தார். "நகரு" என்றார். நகர்ந்தேன். மவுஸை எடுத்து அவருடைய இடது பக்கம் வைத்தேன்.

முதல் தட்டில் தப்பான சிப்பாய் நகர்ந்துவிட்டது. மவுஸை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டது. வூட்டில் அவர் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்டு எவ்வளவு காலமாயிற்றோ. பிறகு மெல்ல மெல்ல அம்பு அவர் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தது. ஆட்டம் நடுவில் கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"எதிர்ல ஆடறது யாரு?"

"என் ஃப்ரெண்டுண்ணே. அந்தப் பதிவு எழுதினவ."

"எந்தக் கையால ஆடுது?"

"இடது கையால. அவளுக்கும் வலது கைதான்."

இன்னும் நாலைந்து முறை காயை நகர்த்தினார். துண்டு நழுவி மடியில் விழுந்தது. தானாக விழுந்ததா, அவர் விட்டதா, எனக்குத் தெரியாது. எடுத்து மூடிக்கொள்ளவில்லை.

தோற்றார். "ஷார்ப்பா கீதே அந்தப் பொண்ணு" என்றார். பிறகு இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி உனக்கு ஏதோ தட்டினார். என்ன என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது நீ சொன்னபடி கேட்டேன். "உங்களுக்கு எது தோதா இருக்கும்ணே? நீங்களே சொல்லுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன் பெருசா இருக்கணும். கைக்காக சொல்லல. கண்ணாடி போட்டாலும் எனுக்குக் கண்ணு தெரில" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அடுத்த மாதம் அவரே கடைக்கு வருகிறாராம். அதுவரைக்கும் மவுஸை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

செல்வி, நான் ஒன்று சொல்லட்டுமா? நீ அன்றைக்குப் போனைத் திருப்பி அனுப்பாமல், எனக்காக நல்லா இருக்குன்னு சொல்லிப் பெட்டியிலேயே வைத்திருந்தால், எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. கோபப்பட்டதற்கு நன்றி.

உன் சத்யா


கரிவலம்வந்தநல்லூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள சத்யா,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். துண்டு நழுவிய இடத்தில் அம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இங்கே என் பக்கத்தில் என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது ஆட்டம் தொடங்கியதும் ஒரு சிப்பாய் அசட்டுத்தனமாக நகர்ந்தது. சத்யாதான் என்று நினைத்து அலட்சியமாக ஆடினேன். அதற்கு அடுத்த நகர்த்தல் வருவதற்கு வெகு நேரம் ஆனது. வந்தது பார், அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது நீ இல்லை. இது நிதானமாக, சுற்றிக் கூட்டம் நிற்க ஆடிப் பழகிய ஆள். விட்டுக்கொடுத்து ஆடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. உடனே வெட்கமாக இருந்தது. யாராவது எனக்கு அப்படி விட்டுக்கொடுத்திருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? முழு மூச்சாக ஆடித்தான் ஜெயித்தேன்.

முடிந்ததும் அரட்டைக் கட்டத்தில் மூன்று புள்ளி வந்தது. போனது. மறுபடி வந்தது. நான் அப்படியே காத்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியுமே. கடைசியில் வந்தது, "இனொரு ஆடம்". நான் வேண்டுமென்றே மெதுவாக, என் இடது கையால் தட்டி, "வாங்கண்ணே" என்று அனுப்பினேன்.

அன்றிலிருந்து அவர் மகளின் போனில் மவுஸைப் போட்டுக்கொண்டு வருகிறார். காலையில் நான் மேசையைத் துடைத்து டேப்லெட்டைத் திறந்தால் எனக்கு முன்னால் வந்து காத்திருப்பார். அவர் பேச மாட்டார், ஆடுவார். தோற்றால் ஒரு சொல், "நாளிக்கி". நான் செய்த தப்பைப் பிடித்துவிட்டால், "பாத்தியா". அவர் வரச் சற்றுத் தாமதமானாலும் என் கண் திரையை விட்டு அகல்வதில்லை. எனக்காக ஒருவர் அங்கே கை நீட்டிக் காத்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம், சத்யா. இதை எனக்கு நீ ஏற்பாடு செய்து கொடுத்தாய்.

நேற்று அவர் என்னைத் தோற்கடித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் ராணியை வெளியே இழுத்து, போக வழியில்லாமல் பூட்டிவிட்டு, ஒரு சிப்பாயால் அடித்தார். தோற்றுவிட்டு இப்படிச் சந்தோஷப்பட்டது எனக்கு இதுதான் முதல் முறை. "பாத்தியா" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆளையே காணோம். மாலையில் கிளியம்மாள் அக்கா பதிவுக்குக் கீழே எழுதியிருந்தார்:

"போன அப்டியே தரைல வெச்சிட்டு எழுந்து வாசலுக்குப் போனாரும்மா. கை போனதுலேர்ந்து மனுசன் வாசல் பக்கம் வந்ததே இல்ல. பக்கத்து வூட்டு ஆளக் கூப்ட்டு, ஜெயிச்சுட்டேன்பா, ஜெயிச்சுட்டேன்னு சொல்றாரு. அந்தாளுக்கு ஒண்ணும் புரியல, கையப் புடிச்சுக் குலுக்குறாரு. இவரும் இடது கைய நீட்டிக் குலுக்குறாரு. அது இன்னா ஆட்டமோ எனக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பொண்ணுங்களும் நல்லா இருக்கணும், நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

ரெண்டு பொண்ணுங்களும் என்று அக்கா எழுதியதில் பாதி உன்னுடையது. இடது கைப் பயிற்சிக்காக இன்றைக்கு எழுத வேண்டிய பக்கத்தில் அந்த வாழ்த்தைத்தான் எழுதி, உன் பங்கை அனுப்புகிறேன்.

உன்
மாரிசெல்வி